ஸ்டார்ம்ஸி ஏன் குரலைத் தாழ்த்தினார்?

பிரிட்டிஷ் ராப் பாடகர் ஸ்டார்ம்ஸியைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "'ஷட் அப்', 'வோஸி பாப்' காலத்திலிருந்து ஸ்டார்ம்ஸியைக் கேட்பவன் நான். 'திஸ் இஸ் வாட் ஐ மீன்' ஆல்பத்தைப் போட்டால் பாதிக்கு மேல் பியானோ, கோரஸ், ஜெபம். ராப் எங்கே போயிற்று? சந்தைக்காக மாறிவிட்டாரா, இல்லை சரக்குத் தீர்ந்துவிட்டதா?"

எனக்கும் முதல் தடவை இதே குழப்பம் வந்தது. 2022 நவம்பர் 25 அன்று ஆல்பம் வெளியானது. இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு 'ஃபயர் + வாட்டர்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. எப்போது டிரம்ஸ் இடிக்கும், எப்போது ஆள் சீறுவார் என்று காத்திருந்து காத்திருந்து, வேறு யாருடைய ஆல்பத்தையோ போட்டுவிட்டேனோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன். இல்லை, அவரேதான். ஆறடி ஐந்தங்குல மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசுவதுபோல் பாடிக்கொண்டிருந்தார்.

சந்தையும் காரணமில்லை, சரக்கும் தீரவில்லை என்பது என் பதில். இசை மாறியது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக மாறியது, அவர் பாட்டில் வரும் 'நான்' யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது. அதைச் சொல்ல அவர் எங்கிருந்து கிளம்பினார் என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஸ்டார்ம்ஸி 1993இல் பிறந்தவர். தெற்கு லண்டனில், குரோய்டன் பகுதியைச் சேர்ந்த தார்ன்டன் ஹீத்தில் வளர்ந்தவர். அம்மா கானா நாட்டுக்காரர். அவர் கையில் எடுத்த இசை வகை கிரைம். தமிழில் எழுதும்போது இதில் ஒரு சங்கடம்: குற்றம் என்ற பொருளில் வரும் கிரைமுக்கும் இதற்கும் எழுத்தில் வித்தியாசமே தெரியாது. இது வேறு சொல். ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாத கரியும் அழுக்கும் என்று பொருள். ஆனால் லண்டன் போலீஸுக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. 'படிவம் 696' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நடத்துபவர்கள் யார் யார் பாடுகிறார்கள் என்ற விவரத்தையெல்லாம் அதில் நிரப்பித் தர வேண்டும். ஒரு காலத்தில் என்ன வகை இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்றுகூட அதில் கேட்டிருந்தார்கள். கிரைம் நிகழ்ச்சிகள் பல இதனாலேயே முடங்கின. 2017 நவம்பரில்தான் அந்தப் படிவம் ஒழிந்தது.

கிரைம் அமெரிக்க ஹிப்-ஹாப்பின் லண்டன் கிளை அல்ல. 2000களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனின் போ பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்புகளில், அனுமதியில்லாத வானொலி நிலையங்களில் பிறந்தது. யூகே கராஜ், ஜங்கிள், ஜமைக்காவின் டான்ஸ்ஹால் என்ற மூன்று நடன இசை வகைகளும் அதற்கு முன்னோர்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 தாள அடி வேகம். கேட்டால் குளிரும் இரும்பும் நினைவுக்கு வரும் சத்தம். அங்கே பாடகரை எம்சி என்பார்கள். எம்சிக்கு முன்னால் எப்போதும் ஒரு எதிராளி இருப்பான், நேரிலோ மனத்திலோ. அவனைவிட நான் பெரியவன் என்று நிரூபிப்பதுதான் வேலை. சவடால் அங்கே குறையாகப் பார்க்கப்படுவதில்லை. அதுதான் அந்தக் கலையின் இலக்கணமே.

2015இல் வந்த 'ஷட் அப்' அந்த இலக்கணத்துக்கு ஒரு பாடப்புத்தக உதாரணம். ஒரு பூங்கா, சிவப்பு டிராக்சூட், பின்னால் நண்பர்கள் கூட்டம், பழைய கிரைம் இசைத்தடம் ஒன்று, அதன்மேல் ஒரே மூச்சில் ராப். பெரிய செலவு எதுவும் இல்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் அது பிரிட்டன் பாட்டு விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம்வரை ஏறியது. "வாயை மூடு" என்பதையே தலைப்பாக வைத்தவர், ஏழு வருஷம் கழித்து மண்டியிட்டு மன்றாடுகிறார் என்றால் உங்களுக்கு அதிர்ச்சியாக இருப்பது நியாயம்தான்.

ஆனால் இடையில் வந்த ஆல்பங்களை வரிசையாகக் கேட்டவருக்கு அவ்வளவு அதிர்ச்சி இருக்காது. 2017 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்தின் பெயரே 'கேங் சைன்ஸ் அண்ட் பிரேயர்'. கும்பல் சைகையும் பிரார்த்தனையும். அட்டைப் படத்தைப் பாருங்கள்: இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியத்தின் பாணியில் ஒரு நீள மேசை, சுற்றிலும் முகமூடி அணிந்த ஆட்கள், நடுவில் ஸ்டார்ம்ஸி. பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கிரைம் ஆல்பம் அது. அதில் 'பிக் ஃபார் யுவர் பூட்ஸ்' மாதிரி அடிதடிப் பாட்டும் உண்டு, 'பிளைண்டட் பை யுவர் கிரேஸ்' என்று இரண்டு பகுதிகளாக வரும் தேவாலயப் பாட்டும் உண்டு. அம்மாவுக்கென்று ஒரு பாட்டு உண்டு. மன அழுத்தத்தையும், விட்டுப்போன அப்பாவையும் பற்றிய 'லே மீ பேர்' உண்டு. 2022இல் நீங்கள் கேட்ட எல்லாமே அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் இருந்தவை நடுவுக்கு வந்தன என்பதுதான் நடந்தது.

பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதின் 2018 விழாவை யூடியூபில் தேடிப் பாருங்கள். மேடையில் செயற்கை மழை. சட்டையில்லாமல் நனைந்தபடி 'பிளைண்டட் பை யுவர் கிரேஸ்' பாடுகிறார். அது முடிந்த கையோடு, லண்டனில் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத் தீ விபத்துக்கான பணம் எங்கே என்று பிரதமர் தெரசா மேயைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். கடவுளிடம் கெஞ்சலும் பிரதமரிடம் அதட்டலும் ஐந்து நிமிடத்துக்குள், ஒரே தொண்டையில். மறு வருஷம் கிளாஸ்டன்பரி இசை விழா. அதன் முக்கிய மேடையான பிரமிட் மேடையில் முதன்மைக் கலைஞராக நின்ற முதல் கறுப்பின பிரிட்டிஷ் தனிப் பாடகர். தெரு ஓவியர் பேங்ஸி வடிவமைத்த, பிரிட்டன் கொடியான யூனியன் ஜாக் வரைந்த கத்திக்குத்துத் தடுப்புச் சட்டை எல்லார் கண்ணிலும் பட்டது. பாட்டுக்கு நடுவே மேடையேறிய காஸ்பல் (தேவாலயப் பாட்டு) பாடகர் குழுவைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். கிரைமும் தேவாலயமும் எதிரெதிர் துருவங்கள் என்று நமக்குத் தோன்றுவது தூரத்திலிருந்து பார்ப்பதால். தெற்கு லண்டனின் மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பெந்தெகொஸ்தே சபைதான். அங்கே வளரும் பிள்ளைகள் முதன்முதலில் டிரம்ஸ் குச்சியைப் பிடிப்பதும் மைக் முன்னால் நிற்பதும் பெரும்பாலும் சபையில்தான். அப்புறம் கேட்கும் முறையிலேயே ஓர் ஒற்றுமை இருக்கிறது. கிரைம் நிகழ்ச்சியில் ஒரு வரி கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால், டிஜே பாட்டை நிறுத்தி, இசைத்தட்டைப் பின்னால் சுழற்றி, முதலிலிருந்து மறுபடி போடுவார். சபையில் ஒரு வரி பிடித்துவிட்டால் பாட்டு முடியாது. அதே வரியை இருபது தடவை பாடுவார்கள். இரண்டு இடத்திலும் "இன்னொரு தடவை" என்று முடிவெடுப்பது கூட்டம்தான்.

இரண்டாவது ஆல்பம் 'ஹெவி இஸ் தி ஹெட்' 2019 டிசம்பரில் வந்தது. தலைப்பே கிரீடத்தின் கனத்தைப் பற்றியது. அதற்குள் அவர் வெறும் பாடகராக இல்லை. கறுப்பின மாணவர்களுக்கு கேம்பிரிட்ஜில் படிப்புதவித் தொகை, பெங்குவின் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பதிப்பகம், 2020இல் இன சமத்துவப் பணிகளுக்குப் பத்து வருஷத்தில் ஒரு கோடி பவுண்ட் தருவதாக அறிவிப்பு. எங்கே போனாலும் ஒரு சமூகத்தின் சார்பில் வாய் திறக்க வேண்டிய நிலை. இருபத்தாறு வயதில் அது பெரிய சுமை. அந்த ஆல்பத்தைக் கேட்டால் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு அடியில் ஒரு சோர்வு ஓடுவது தெரியும். அப்புறம் கொரோனா. சுற்றுப்பயணம் தள்ளித் தள்ளி 2022 வசந்தத்தில்தான் முழுசாக நடந்தது. இரண்டு ஆல்பங்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருஷ மௌனம்.

மூன்றாவது ஆல்பத்தின் பெரும்பகுதி உருவான இடத்தைச் சொன்னால் அதன் சத்தம் ஏன் அப்படி இருக்கிறது என்று பாதி புரிந்துவிடும். எசெக்ஸ் கரையோரம், பிளாக்வாட்டர் கழிமுகத்தில் ஓசி என்று ஒரு குட்டித் தீவு. கரையிலிருந்து அதற்கு ஒரு பாதை உண்டு. கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும், நீர் ஏறினால் மூழ்கிவிடும். நினைத்த நேரத்தில் வரவும் முடியாது, போகவும் முடியாது. அங்கே ஒரு கூட்டம் இசைக் கலைஞர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கினார். பகலில் பந்து விளையாட்டு, சேர்ந்து சாப்பாடு, ஜெபம், நடுவே பாட்டு. ராப் ஆல்பம் பொதுவாக இப்படி உருவாவதில்லை. யாரோ அனுப்பிய பீட்டுக்கு ஒருவர் தனியறையில் வரி எழுதுவார், பதிவுசெய்வார், முடிந்தது. ஓசியில் பியானோ வாசிப்பவரும் பாடுபவர்களும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தார்கள். அதனால்தான் ஆல்பம் முழுக்க ஒருவர் குரலுக்குப் பக்கத்தில் இன்னொருவர் குரல் வந்து நின்றுகொண்டே இருக்கிறது.

இப்போது சரக்குத் தீர்ந்ததா என்ற கேள்விக்கு வருவோம். ஆல்பத்துக்கு இரண்டு மாதம் முன்னால், செப்டம்பரில், 'மெல் மேட் மீ டூ இட்' என்று ஒரு தனிப் பாட்டு விட்டார். ஏழு நிமிடத்துக்கு மேல் கோரஸே இல்லாத சுத்த ராப். வீடியோவில் உசைன் போல்ட் வருகிறார், கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசே மொரீன்யோ வருகிறார், லண்டன் ராப் உலகின் பாதிப் பேர் வருகிறார்கள். சவடால் என்றால் அப்படி ஒரு சவடால். அந்தப் பாட்டை அவர் ஆல்பத்தில் சேர்க்கவே இல்லை! அவர் எடுத்த முடிவுகளிலேயே கெட்டிக்காரத்தனமானது இதுதான் என்பேன். "முடியாததால் இல்லை, வேண்டாம் என்பதால்" என்று வாயால் சொல்லாமல் செய்து காட்டிவிட்டார்.

சந்தை விஷயம் இன்னும் எளிது. 2022இல் பிரிட்டிஷ் ராப்பில் டிரில் என்ற இருண்ட ராப் வகை ஓடிக்கொண்டிருந்தது, ஆப்பிரிக்க நடனத் தாளங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெதுவான பியானோ ஜெபப் பாட்டை யாரும் கேட்டு வரிசையில் நிற்கவில்லை. போதாக்குறைக்கு, பழைய இசை நிறுவனத்தை விட்டு 0207 டெஃப் ஜாம் நிறுவனத்துக்கு மாறி வந்த முதல் ஆல்பம் இது. புது இடத்துக்குப் போனால் முதலில் ஒரு ஹிட் கொடுத்துவிட்டு அப்புறம் சோதனை செய்வதுதான் தொழில் புத்தி. அவர் தலைகீழாகச் செய்தார். ஆல்பம் முதலிடம் பிடித்தது வேறு கதை. அந்தப் பெயருக்கு எதைப் போட்டாலும் முதல் வாரம் பிடித்திருக்கும்.

சரி, ஆல்பத்துக்குள் போவோம். பன்னிரண்டு பாட்டு. ராப் அடியோடு இல்லை என்பது சரியில்லை. தலைப்புப் பாட்டைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள். கானாவின் பிளாக் ஷெரிஃப், கானா வம்சாவளியினரான அமாரே குரல்களோடு அது நன்றாகவே உறுமுகிறது. அம்மாவின் ஊரைத் தன் ஆல்பத்தின் பெயர்ப் பாட்டுக்குள் கூட்டிவந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 'மை பிரெசிடென்ட்ஸ் ஆர் பிளாக்' பாட்டில் பழைய சீற்றம் முழுசாகத் திரும்புகிறது. எனக்கு அது ஆல்பத்துக்குள் வழி தவறி வந்த பாட்டு மாதிரிதான் படுகிறது, ஆனால் இல்லாவிட்டால் நடுப்பகுதி தொய்ந்திருக்கும்.

'ஃபயர்பேப்' காதல் பாட்டு; சபைக் கூட்டம் முடிந்து போகிறபோது வாசலில் வைத்துச் சொன்ன காதல் மாதிரி ஒரு கூச்சம் அதில் உண்டு. 'பிளீஸ்' பாட்டில் அப்பாவை மன்னிக்கும் மனம் வேண்டுமென்று கேட்கிறார். 2017இல் 'லே மீ பேர்' பாட்டில் அந்த அப்பாவைப் பற்றி எவ்வளவு கோபமாகப் பேசினார் என்று தெரிந்தவருக்கு இது தொண்டையை அடைக்கும். மனிதர் மாறியிருக்கிறாரா இல்லையா என்று ஆராய இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும்.

நான் அதிகம் யோசித்தது 'சாம்ஃபாஸ் பிளீ' பற்றி. சாம்ஃபா என்ற லண்டன் பாடகர் பாடுகிறார், ஸ்டார்ம்ஸி வாயே திறப்பதில்லை. இதற்குப் பின்னால் ஒரு சுவையான கணக்கு உண்டு. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரும் மெர்க்குரி விருதின் 2017 இறுதிப் பட்டியலில் 'கேங் சைன்ஸ் அண்ட் பிரேயர்' இருந்தது. விருதைத் தட்டிப்போனது சாம்ஃபாவின் 'பிராசஸ்'. கிரைம் இலக்கணப்படி அது பழி தீர்க்க வேண்டிய விஷயம். இவரோ, தன் ஆல்பத்தின் நடுவில் அவருக்கு ஒரு பாட்டையே கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். ராப் ஆல்பத்தில் சொந்தக்காரர் இல்லாத ஒரு பாட்டு! "நான்" என்ற சொல்லால் கட்டிய கலையில் இதைவிடப் பெரிய விலகல் என்ன இருக்கிறது?

ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். சவடாலின் 'நான்' எதிராளியைப் பார்த்து நிற்கிறது, அவனைவிட உயரமாகத் தெரிய வேண்டும். ஜெபத்தின் 'நான்' நிற்கும் இடத்தில் சவடால் செல்லாது; அங்கே எவ்வளவு சிறியவன் என்று சொல்கிறாயோ அவ்வளவுக்குத்தான் மதிப்பு. எதிராளி இல்லாத இடத்தில் 140 வேகத்துக்கும் வேலையில்லை. வேகம் குறைந்ததும், குரல் தாழ்ந்ததும் அதன் விளைவுகள். பாடும் குரல் பயிற்சி பெற்றதல்ல, எட்டும் தூரமும் குறைவு. உச்சத்துக்குப் போகும்போது சற்று நடுங்குகிறது. தேர்ந்த பாடகர் பாடியிருந்தால் அழகாக இருந்திருக்கும், நம்பியிருக்க மாட்டேன்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. பின்பாதியில் ஒரே வேகம், ஒரே நிறம். 'ஹோலி ஸ்பிரிட்' எனக்கு எந்தச் சபையிலும் பாடக்கூடிய பொதுப் பாட்டாகவே நின்றுவிட்டது; அவர் கையெழுத்து அதில் இல்லை. நம்பிக்கை உள்ளவர்களுக்கு வேறு மாதிரிப் படலாம்.

இந்தத் திசை மாற்றம் பிரிட்டிஷ் ராப்பில் முதலாவதும் அல்ல. கிரைம் எம்சி டிஸ்ஸி ராஸ்கல் 19 வயது நிறையும் முன்பே, 2003இல், 'பாய் இன் டா கார்னர்' ஆல்பத்துக்கு மெர்க்குரி வாங்கியவர். 2008இல் நடன இசைத் தயாரிப்பாளர் கேல்வின் ஹாரிஸோடு சேர்ந்து நடனப் பாட்டுக்குப் போனார், அடுத்தடுத்து முதலிடம் பிடித்தார், கிரைம் தீவிரர்கள் முகம் சுளித்தார்கள். இன்னொரு கிரைம் எம்சி ஸ்கெப்டா எதிர்ப்பக்கம் நடந்தார்: கிளப் பாட்டுகளை முயன்று பார்த்துவிட்டு, 2014இல் வெறும் 80 பவுண்ட் செலவில் வீடியோ எடுத்த 'தட்ஸ் நாட் மீ' பாட்டோடு பழைய கிரைமுக்குத் திரும்பினார், 2016இல் மெர்க்குரி அவருக்கு.

ஸ்டார்ம்ஸிக்கு மிக அருகில் வைத்துப் பார்க்க வேண்டியவர் பிளான் பி என்ற ராப் பாடகர். கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதிக்காரர். 2006இல் முதல் ஆல்பம்: கையில் அக்கூஸ்டிக் கிட்டார், வாயில் ரத்தம் சொட்டும் ராப். பாராட்டினார்கள், பெரிதாக வாங்கவில்லை. 2010இல் திடீரென்று கோட்டு சூட்டு, அறுபதுகளின் சோல் இசை, மெல்லிய உச்சக் குரல். 'தி டிஃபமேஷன் ஆஃப் ஸ்ட்ரிக்லேண்ட் பேங்க்ஸ்' முதலிடம் பிடித்தது, மறு வருஷம் பாட்டு எழுதுவதற்கான ஐவர் நொவெல்லோ விருது மூன்று. ஆனால் கவனியுங்கள், அங்கே பாடுவது அவர் இல்லை. செய்யாத குற்றத்துக்குச் சிறை போகும் ஸ்ட்ரிக்லேண்ட் பேங்க்ஸ் என்ற கற்பனைப் பாடகன். பாத்திரத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டதால் தைரியமாகப் பாட முடிந்தது. 2011 லண்டன் கலவரத்துக்குப் பிறகு அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு 'இல் மேனர்ஸ்' ஆல்பத்தில் முன்பைவிடக் கோபமான ராப்போடு வந்தார், அதுவும் முதலிடம். ஸ்டார்ம்ஸிக்கு அப்படி ஒளிந்துகொள்ள ஒரு பாத்திரம் இல்லை. சொந்தப் பெயரில், சொந்த அப்பாவைப் பற்றி, பயிற்சியில்லாத சொந்தக் குரலில் பாடினார். இரண்டில் எது கடினம் என்று என்னைக் கேட்டால் இதுதான் என்பேன்.

கடைசியாக, ராப்பை விட்டுவிட்டாரோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 2023இலேயே தனி ராப் பாட்டுகளோடு திரும்பி வந்துவிட்டார். 2024இல் சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ் என்ற இசைத் தயாரிப்பாளர் இரட்டையரோடு சேர்ந்து 'பேக்போன்' என்று, டிரம் அண்ட் பேஸ் என்ற அதிவேக நடன இசையின் வேகத்தில், ஒன்று போட்டார். அதுவும் முதலிடம் போயிற்று. பிளான் பி சோல் பக்கம் சாய்வதற்குச் சற்று முன்னால், 2009இல், அவரைப் பாட வைத்ததும் இதே இரட்டையர்தான்.

ஆல்பத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கிற எண்ணம் இருந்தால் வரிசையை மாற்றிக் கேளுங்கள். முதலில் 'லே மீ பேர்'. அடுத்து 'மெல் மேட் மீ டூ இட்', அந்தப் பசி அடங்கட்டும். பிறகு 'பிளீஸ்', 'சாம்ஃபாஸ் பிளீ'. இவ்வளவும் பிடித்திருந்தால் மட்டும் 'ஃபயர் + வாட்டர்' பக்கம் போங்கள். பேருந்தில் போகும்போது வேண்டாம், எட்டு நிமிடமும் இன்ஜின் சத்தம்தான் கேட்கும்.